வீமன் இடுப்புத் துணி

கும்மிடிப்பூண்டி
ஆனி மாதம், 1974

என் அருமை மகன் சுப்பிரமணிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, குழந்தைக்குத் தொண்டைக் கட்டி கரைந்ததா, பிலாய் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதே என்று மருமகளிடம் சொல். இங்கே எங்களுக்கு உயிர் இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன், மீதியையும் நலம் என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்தும். நீ போட்ட கார்டு வந்தது. தம்பி சின்னராசு வந்து சேர்ந்தான், கூத்தில் ஏதோ தகராறாமே, கேட்டால் சரியாகப் பதில் சொல்லமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறாய். ஏதோ தகராறாம்! படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்டைத் தூக்கி அடுப்பில் போடப் போனேன், பக்கத்துத் தெரு ரோசம்மாள்தான் பிடுங்கி வைத்தாள். தகராறு இல்லை அப்பா, கொலை. மேஸ்திரி லோகநாதன் செத்துப்போனான். உன் மாமன் அருணாச்சலம் பொன்னேரி ஜெயிலில் கிடக்கிறான். நம் வீடு எரிந்து சாம்பலாகி, நான் ரோசம்மாள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனையும் உன்னிடம் சொல்லாமல் உன் தம்பி நீ போடுகிற சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான் என்றால் அவன் வாயில் என்ன கொழுக்கட்டையா?

முதலிலிருந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி. இந்த வைகாசியிலும் அம்மனுக்குக் காப்புக் கட்டிப் பாரதக் கூத்து வைத்தார்கள். மழை பொய்த்த வருஷம், அம்மனைக் குளிரவைக்க வேண்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்கள், வெளியே வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். எப்போதும்போல உன் மாமன் வீமன், லோகநாதன் துரியோதனன். லோகநாதனைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொன்னதில்லை, கம்பெனியில் மேஸ்திரி ஆனதிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை, ஆனால் கிரீடம் வைத்துத் திரைக்குப் பின்னால் நின்று முதல் அடியைப் பாடினான் என்றால் எனக்கே மயிர் சிலிர்க்கும், அதையும் சொல்ல வேண்டும் இல்லையா. வீமன் கையில் பிடிக்கிற கதாயுதம் மட்டும் புதுசு. பழைய கலியாண முருங்கைக் கட்டையைச் செல் அரித்துவிட்டது என்று லேத்து வேலை செய்கிற பையன்கள் இரும்புக் குழாயில் இரும்புக் குண்டைப் பற்றவைத்து, வெள்ளி வர்ணம் அடித்து, அம்மனுக்குக் காணிக்கை என்று கொண்டுவந்து வைத்தார்கள். உன் மாமன் தூக்கிப் பார்த்து, இன்னாடா இது, நெஜ வீமனே தூக்கமாட்டான் போல கீதே என்று சிரித்தான். அம்மன் காலடியில் வைத்த பொருளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

துரியோதனன் விழுகிற படுகளத்தன்று வீமன் இடுப்பில் கட்டுகிற துணியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிலாய்க்குப் போகிற வரைக்கும் நீதானே பிடித்தாய். மாமனுக்கு மருள் வந்தால் எதிரில் நிற்பது கூட்டாளி லோகநாதனா துரியோதனனா என்று தெரியாது, அடித்தே போட்டுவிடுவான். அதற்காகத்தான் வேட்டியை முறுக்கி இடுப்பில் கட்டி, அதன் முனையை அக்கா பிள்ளை பின்னால் நின்று மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். கதையை ஓங்கும்போது நீ பின்னால் இழுப்பாய், அடி ஆள்மேல் விழாமல், மண்ணில் செய்து மல்லாத்திப் படுக்கவைத்த துரியோதனன் தொடையில் விழும், உள்ளே புதைத்த குங்குமத் தண்ணீர்ச் சட்டி உடையும், பாஞ்சாலி அதில் கூந்தலை நனைத்து முடிவாள். கூத்து முடிந்து வந்தால் உன் மணிக்கட்டில் தோல் உரிந்திருக்கும், நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். மாமன் போட்ட கட்டளையும் உனக்கு மறந்திருக்காது, கதை மண்ணுல எறங்குற வரைக்கும் கைய தூக்காத, கற்பூரமே காட்னாலும் கண்ணால கும்பிட்டுக்கோ என்பான். நீ போன பிறகு அந்தத் துணி உன் தம்பி கைக்கு வந்தது. இத்தனை வருஷமும் ஒழுங்காகத்தான் பிடித்தான்.

அவனுக்கும் லோகநாதனுக்கும் நடுவில் நடந்ததை நான் உனக்கு எழுதவில்லை, எழுதாதே என்று அவன் என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். மாசியில் கம்பெனியில் ஸ்ட்ரைக். லோகநாதன் ஆந்திரா எல்லை தாண்டித் தடா பக்கத்திலிருந்து லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து உள்ளே விடப் பார்த்தான். உன் தம்பி லாரிக்கு முன்னால் படுத்துவிட்டான். லோகநாதன் இறங்கி வந்து காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அத்தனை பேர் பார்க்க அவன் வாயிலேயே அடித்தானாம், எந்திர்ரா நாயே, உங்கம்மா என் ஊட்டாண்ட வந்து கூழுக்கு நின்னத மறந்துட்டியா என்றானாம். நான் நின்றது நிஜம். உங்கள் அப்பா செத்துப்போன வருஷம், உங்கள் இரண்டு பேர் வயிற்றுக்காக நின்றேன். அதைக் கம்பெனி வாசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம். உதடு கிழிந்து வந்தவன் அன்றோடு வீட்டில் பேச்சைக் குறைத்தான், வேலையும் போயிற்று. இருந்தும் காப்புக் கட்டிய அன்று இரண்டு பேரும் ஒரே பூசாரியிடம் கை நீட்டினார்கள். காப்புக் கையோடு பகை நினைக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். லோகநாதனே இவன் தோளைத் தட்டி, இன்னா நைனா, துணிய கெட்டியா புடி, எனக்குப் புள்ள குட்டி கீது என்று சிரித்தான். இவனும் தலையை ஆட்டினான். சனியன் ஒழிந்தது என்று நான் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன், புத்தி கெட்டவள்.

படுகளம் எப்போதும்போல வெயில் ஏறும் நேரத்தில் நடந்தது. சாம்பிராணிப் புகையும் புழுதியும் கலந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. பெண்கள் எல்லாரும் துடைப்பமும் முறமும் வைத்துக்கொண்டு துரியோதனனை ஏசிக்கொண்டு நிற்கிறோம், நான் மண் உருவத்தின் கால்மாட்டில், சின்னராசுக்குக் கை எட்டுகிற தூரத்தில். பம்பைச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. லோகநாதன் மண்ணைச் சுற்றிச் சுற்றி ஓடி வந்து தொடை அருகே நின்று வீரம் பேசினான். உன் மாமன் கண் செருகி, வாயில் நுரை தள்ள, கதையை ஓங்கிப் பாய்ந்தான். இழுக்க வேண்டிய இடத்தில் யாரும் இழுக்கவில்லை. காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒடிந்தது லோகநாதன் தொடை. மண்மேலேயே விழுந்தான். அடுத்த அடி விலாவில். அதற்கடுத்தது தலையில், கிரீடத்துக் கண்ணாடித் துண்டு பறந்து வந்து என் கன்னத்தைக் கீறியது. ஊரே கோவிந்தா கோவிந்தா என்று கூவியது. நானும் கூவினேன், சுப்பிரமணி. ஐயோ அடிக்கிறான், யாராச்சும் புடிங்கடா என்று அவன் அலறியது எல்லார் காதிலும் விழுந்தது, துரியோதனன் அலறத்தானே வேண்டும் என்று நாங்கள் இன்னும் பலமாகக் கோவிந்தா போட்டோம். பாஞ்சாலி வேசம் கட்டிய அருணகிரி கூந்தலை நனைக்கக் குனிந்து கையை வைத்தான், குங்குமத் தண்ணீர் எங்கேயாவது சூடாக இருக்குமா? யோவ், நிறுத்துங்கய்யா, இது ரத்தம்யா என்று கத்திக்கொண்டே சேலையோடு பின்னால் விழுந்தான். அப்போதும் மாமன் கதையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்கி, மஞ்சள் தண்ணீரை முகத்தில் ஊற்றிய பிறகுதான் அவனுக்குக் கண் தெளிந்தது. கீழே பார்த்தான். லோகு, எந்திரிப்பா, கூத்து முடிஞ்சிபோச்சி என்று லோகநாதன் தோளைப் பிடித்து உலுக்கினான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

லாரியில் போட்டுப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள், பொன்னேரி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ரோசம்மாள்தான் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கடைசியாக அவன் சொன்னது, அருணாச்சலத்து மேல தப்பில்ல, அவன் வீமன், துணி இன்னா ஆச்சின்னு கேளுங்க என்பதுதான். சாகிறவனுக்கு இருந்த நிதானம் இருக்கிறவர்களுக்கு இல்லை. பிணம் வருவதற்குள் லோகநாதன் தம்பி ரங்கசாமி ஆள் சேர்த்துக்கொண்டு அரிவாளோடு வந்துவிட்டான். ஆர்மோனியப் பெட்டியைக் கடப்பாரையால் பிளந்தார்கள், பம்பையின் தோலைக் குத்திக் கிழித்தார்கள், வேசப் பெட்டியை நடுத் தெருவில் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மாமன் பெண்சாதி, உன் அத்தை, அவள் முடியைப் பிடித்துத் தெரு முனை வரைக்கும் இழுத்துப் போனார்கள், பிள்ளைத்தாய்ச்சி என்று கூடப் பார்க்கவில்லை, நல்லவேளை வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சும்மா இருப்பேனா, உலக்கையை எடுத்து ஒருத்தன் முழங்காலில் இறக்கினேன், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றைக்கும் தெரியாது, நொண்டிக்கொண்டு போகிறவனை எல்லாம் உற்றுப் பார்க்கிறேன். நம் கூரையில் நெருப்பு வைத்தார்கள். கட்டியிருந்த வெள்ளாடு கத்திக் கத்தியே செத்தது, அவிழ்க்க முடியவில்லை. உனக்கென்று போட்டு வைத்த ஆவக்காய் ஊறுகாய் ஜாடியும் வெடித்துப் போயிற்று, இதற்குப் போய் அழுகிறாளே என்று சிரிக்காதே, அதற்கும் அழுதேன்.

போலீஸ் வந்து மாமனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐயா, அடிச்சது வீமன், அவன் இல்ல என்று பூசாரி சொன்னதற்கு, அப்போ வீமனையும் கூட்டியா, ரெண்டு பேருக்கும் சேர்த்து விலங்கு மாட்றேன் என்று சிரித்தார்களாம். ஊர் ஞாயம் வேறு, அது உனக்குத் தெரியும், மருளில் அடித்தவனுக்குப் பாவம் இல்லை, துணியை விட்டவனுக்குத்தான். அம்மன் வாசலில் ஊர் கூடிச் சின்னராசைக் கேட்டார்கள். கற்பூரம் காட்னாங்க, என்னையறியாம கைய எட்த்துக் கும்பிட்டுட்டேன், துணி நழுவிடிச்சி என்றான். கூடியிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள் அப்பா. கற்பூரத்தைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா, பிறந்ததிலிருந்து பழகிய கை இல்லையா, யாருக்கும் நடக்கக்கூடிய பிசகுதானே. நானும் பாத்தேன், நானும் பாத்தேன் என்று பத்துப் பேர் சொன்னார்கள். கரகம் தலையில் இருந்த பூசாரிக்கு நினைவே இல்லை, காட்டினேனோ இன்னாவோ என்றார். அப்போது லோகநாதன் பெண்சாதி செல்லியம்மாள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். தாலி அறுத்த கழுத்து. அஞ்சம்மா, நீ பக்கத்துல நின்ன, நீ சொல்லு, கும்பிட்டானா என்று கேட்டாள். கும்பிட்டான் என்றேன். நீ சொன்னா சரி என்று அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். ரங்கசாமி அரிவாளைக் கீழே போட்டான். ஊர் உன் தம்பியை மன்னித்தது. மன்னித்த ஊரில் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை, அண்ணங்கிட்ட போறேன் என்று கிளம்பிவிட்டான். ரயிலடியில் என் காலைத் தொட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

போன வாரம் உன் மாமனை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டான். வலது கை விரல்கள் வீங்கிப் புண்ணாகியிருக்கின்றன, கம்பியில் தானே அடித்து அடித்து உடைத்துக்கொண்டானாம், காவல்காரன் சொல்லி அழுதான். அக்கா, என் மனசுல எங்கியோ அழுக்கு இருந்துகீது, எனக்கே தெர்ல, அதான் அம்மன் என் கையாலயே லோகுவ கொன்னுட்டா என்கிறான். இருவரும் ஒன்றாகக் கூத்துப் படித்தவர்கள், ஒரு பீடியை இரண்டாக்கிக் குடித்தவர்கள். ஆடி பிறந்ததும் வாய்தா, அன்றைக்கு ஜட்ஜிடம் நான் வேணும்னுதான் அடிச்சேன், தூக்குல போடுங்க என்று சொல்லப்போகிறானாம். திருவள்ளூர் வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார், துணி பிடித்தவன் வந்து வாய் திறந்தால் ஒழிய இவனைக் காப்பாற்ற முடியாது, இவனே கயிற்றில் தலையைக் கொடுக்கிறான் என்கிறார். சின்னராசு கற்பூரத்துக்குக் கும்பிட்டுவிட்டான், அதனால்தான் துணி நழுவியது என்று நான் மாமனிடம் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா, புள்ள அந்த மாதிரி தப்பு செய்யமாட்டான் அக்கா, நான் சொல்லிக் குட்த்து வளத்த புள்ள, என்னைக் காப்பாத்த தன் மேல பழி போட்டுக்கிறான் என்றான். எனக்கு அந்தக் கம்பியிலேயே தலையை மோதிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சுப்பிரமணி, இப்போது எழுதப்போவதை உன் பெண்சாதிக்குக்கூடப் படித்துக் காட்டாதே. உனக்கு வேலை கிடைத்ததற்கு வேண்டிக்கொண்டு வருஷா வருஷம் படுகளத்துக்குக் கற்பூரம் நான்தான் வாங்குகிறேன், கதை மண்ணில் இறங்கியதும் பூசாரி கையில் கொடுப்பேன், அதைத்தான் ஏற்றுவார். இந்த வருஷம் நான் கொடுக்கவே இல்லை. கொடுக்க நேரம் எங்கே வந்தது? அன்றைக்கு முந்தானையில் முடிந்தது முடிந்தபடியே இருக்கிறது, இன்னும் அவிழ்க்கவில்லை. அந்தப் படுகளத்தில் கற்பூரம் யாரும் காட்டவில்லை. உன் தம்பி கும்பிடவும் இல்லை. மணிக்கட்டில் சுற்றின துணி கும்பிட்டால் நழுவாது, நீ பிடித்தவன், உனக்குத் தெரியும். சுற்றைப் பிரிக்க வேண்டும். அவன் பிரித்தான். மாமன் கதையை ஓங்கும்போது அவன் லோகநாதன் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று பிரித்ததை நான் கை எட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தேன். பார்த்தும் என்னவோ சரிசெய்து பிடிக்கிறான் என்று நினைத்தேன். செல்லியம்மாள் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும் கும்பிட்டான் என்று சொன்னேன். என் வயிற்றில் பிறந்தவன், ரங்கசாமி கையில் அரிவாள், நான் வேறு என்ன சொல்வேன்? அவன் வாங்கிய செருப்படி எனக்கும் வலித்தது, அந்தக் கூழ்ப் பேச்சு எனக்கும்தான் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக என் தம்பியின் கையை எடுத்துக் கொலை செய்திருக்கிறான். தன் கையால் அடித்திருந்தால்கூட ஆண்பிள்ளை என்று மனசு ஆறியிருக்கும். தூக்கி வளர்த்த மாமனுக்கு அம்மன் வந்திருந்த நேரம் பார்த்துச் செய்தானே பாவி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. அவனே படிக்கட்டும். அடிக்காதே, திட்டாதே, வயிறு நிறையச் சோறு போட்டு, வாய்தாவுக்கு முன்னால் அவனை நீயே கூட்டிக்கொண்டு வா, தனியாக அனுப்பினால் வழியில் எங்கேயாவது இறங்கிவிடுவான். முதலில் ஜெயிலுக்குப் போய் மாமன் முன்னால் நின்று, மாமா, நான்தான் பிரித்தேன் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு செல்லியம்மாளிடம், பிறகு கோர்ட்டில். என்ன தண்டனை கொடுத்தாலும் நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து நடந்தே வந்து அவனைப் பார்ப்பேன், சாகிற வரைக்கும் சோறு கொண்டுவருவேன், பெற்றவளுக்கு அது மட்டும்தான் பாக்கி. அவன் வரவில்லை என்றால் வாய்தா அன்றைக்கு முந்தானை முடிச்சோடு நான் கூண்டில் ஏறுவேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் காறித் துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன். அதற்குள் அவன் வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், நான் சொல்லி ஊருக்குத் தெரிவது வேறு, அவன் சொல்லித் தெரிவது வேறு.

குழந்தையை வெயிலில் விடாதே. மருமகளுக்கு என் ஆசீர்வாதம். நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் தம்பியும் இருக்க வேண்டும், என் தம்பியும் இருக்க வேண்டும், மூன்று பேருக்கும் ஒரே மூச்சில்தான் தினமும் வேண்டுகிறேன், அம்மனுக்கு எது முடியுமோ செய்யட்டும். புறப்படுகிற தேதியைத் தந்தியில் தெரிவி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
அருணாச்சலத்துக்கு அக்கா,
அஞ்சம்மாள்